கையில எவ்வளவு இருக்கு? காசை எண்ணிக் காட்டும் ஐந்து படங்கள்

'நல்ல உலக சினிமா ஏதாவது சொல்லுங்களேன்'னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. லிஸ்ட் போடறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஐம்பது படம் பேர் சொல்லிட்டுப் போயிடலாம். நீங்களும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுப்பீங்க. அப்புறம் அந்த ஸ்கிரீன்ஷாட் கேலரியில கல்யாணப் பத்திரிகைக்கும் ஆதார் கார்டுக்கும் நடுவுல தூங்கிட்டு இருக்கும். அதனால இன்னைக்கு அஞ்சே அஞ்சு படம். அஞ்சும் 100 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அஞ்சுக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு, அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

அந்தப் பொதுவான விஷயம் இதுதான்: இந்தப் படங்கள்ல காசுக்கு ஒரு கணக்கு இருக்கு. என்ன விலை, கையில எவ்வளவு இருக்கு, எவ்வளவு குறையுதுன்னு படம் நமக்குச் சொல்லிட்டே இருக்கும்.

இதுல என்ன பெரிசா இருக்குன்னு தோணலாம். நாம வழக்கமாப் பாக்கற படங்கள்ல பணம் எப்படி வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, பெட்டி நிறைய வரும். யாரும் எண்ண மாட்டாங்க, மூடியைத் திறந்து காட்டிட்டு மூடிடுவாங்க. இல்லன்னா ஹீரோ ஏழை. ஏழைன்னா எவ்வளவு ஏழை, மாசம் என்ன வருது, வாடகை எவ்வளவுன்னு தெரியாது. கிழிஞ்ச சட்டையைப் பாத்து நாமளே புரிஞ்சுக்கணும்.

நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விதிவிலக்கு மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'. 2015-ல தியேட்டருக்கு வந்தது. அதுல அந்தப் பசங்களுக்கு பீட்சா சாப்பிடணும். அதோட விலை கிட்டத்தட்ட 300 ரூபாய். தண்டவாளத்தோரம் விழற கரியைப் பொறுக்கி வித்து, அந்த 300-ஐ அவங்க சேர்க்கணும். அந்தத் தொகை தெரிஞ்சதும் நாமளும் கூட உக்காந்து எண்ண ஆரம்பிக்கிறோம். காசு சேர்ந்த பிறகு, 'இந்தச் சட்டையோட உள்ள விட மாட்டோம்'னு கடையில சொல்லும்போது நமக்கு வலிக்கறதுக்குக் காரணம், அதுவரைக்கும் நாமளும் ஒவ்வொரு ரூபாயா எண்ணிட்டு வந்ததுதான்.

இந்த மாதிரிப் படங்கள் எனக்கு ஏன் முக்கியமாப் படுதுன்னா, நம்ம பிரெண்ட்ஸ் சர்க்கிள்ல நாம பேசாத விஷயம் காசு ஒண்ணுதான். பிரேக்கப் பேசுவோம், தெரபி பேசுவோம், அரசியல் சண்டை போடுவோம். ஆனா 'மச்சி, இந்த மாசம் என் அக்கவுன்ட்ல இவ்வளவுதான் இருக்கு'ன்னு சொல்ல மாட்டோம். 'எனக்கு இன்னைக்கு மூடு இல்ல, நீங்க போயிட்டு வாங்க'ன்னு சொல்லிடுவோம். அந்த 'மூடு இல்ல'க்குள்ள ஒளிஞ்சிருக்கற கணக்கை இந்தப் படங்கள் வெளியில எடுத்து வைக்குது.

ஒரே ஒரு உறுதி தர்றேன். எந்தப் படத்தோட முடிவையும் சொல்ல மாட்டேன். போலாமா?

1. வாஜ்தா: 800 ரியால்

முதல் படம் 'வாஜ்தா'. 2012, சவூதி அரேபியா. இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர். உலக சினிமா பக்கமே போனதில்லைன்னா இதுல ஆரம்பிங்க. ஜாலியான படம்.

ரியாத் நகரத்துல ஒரு ஸ்கூல் பொண்ணு, பேரு வாஜ்தா. கடையில ஒரு பச்சை சைக்கிளைப் பாக்குறா. அதை வாங்கி பக்கத்து வீட்டுப் பையன் அப்துல்லாவோட ரேஸ் விட்டு ஜெயிக்கணும். விலை 800 ரியால். ஆனா பொண்ணுங்க சைக்கிள் ஓட்டறதே தப்புன்னு நினைக்கற ஊர். வீட்டுல கேட்டா கிடைக்காது. அதனால அவளே சம்பாதிக்க இறங்குறா. ஸ்கூல்ல கயிறு பிரேஸ்லெட் பின்னி விக்கிறா. யாராவது லெட்டர் கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னா ரெண்டு பக்கமும் காசு வாங்கப் பாக்குறா. பக்கா பிசினஸ் மூளை. அப்புறம் ஸ்கூல்ல குர்ஆன் ஓதும் போட்டி அறிவிக்கிறாங்க. பரிசு 1000 ரியால். சைக்கிளுக்குப் போக 200 மிச்சம்! அதுவரைக்கும் மதப் பாடத்துல பெரிசா அக்கறை காட்டாத பொண்ணு, போட்டிக்குப் பேர் கொடுத்துடறா.

இங்க காசோட வேலை என்னன்னு பாருங்க. அவகிட்ட அனுமதி கிடையாது. ஆனா காசு சேர்க்க முடியும். அனுமதி இல்லாத இடத்துல 800 ரியாலே ஒரு சாவி மாதிரி ஆயிடுது. அதே வீட்டுல அவங்க அம்மாவுக்கும் ஒரு கணக்கு ஓடுது. ஆண் குழந்தை இல்லைங்கறதால வீட்டுக்காரர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்குவாரோன்னு பயம். அவங்க வேலைக்குப் போகணும்னா வண்டி ஓட்டற ஒருத்தரை நம்பித்தான் போகணும், ஏன்னா அப்போ அங்க பெண்கள் கார் ஓட்ட அனுமதி இல்ல. 2018-லதான் கிடைச்சது. சைக்கிளுக்கு ஆசைப்படற பொண்ணும், காருக்காகக் காத்து நிக்கற அம்மாவும் ஒரே வீட்டுல இருக்காங்க. இதை யாரும் வசனமாச் சொல்ல மாட்டாங்க. நாமளே பாத்துக்கலாம்.

படம் எடுத்த கதை தனி. முழுக்க சவூதியிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம்னு இதைச் சொல்றாங்க. தெருவுல ஆண்கள் இருக்கற யூனிட்டோட ஒரு பெண் நின்னு டைரக்ட் பண்ணினா பிரச்சினை வரும். அதனால தெருக் காட்சிகள்ல ஹைஃபா ஒரு வேனுக்குள்ள உக்காந்து, மானிட்டர் பாத்து, வாக்கி டாக்கியில சொல்லிச் சொல்லி எடுத்திருக்காங்க. அப்போ அந்த நாட்டுல சினிமா தியேட்டரே கிடையாது. அதுவும் 2018-லதான் திரும்பத் திறந்தாங்க. தியேட்டர் இல்லாத ஊர்ல, வேனுக்குள்ள ஒளிஞ்சு ஒரு படம்! வாஜ்தாவோட பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்போ புரியும்.

2. தி வைட் பலூன்: ஒரே ஒரு 500 தோமான் நோட்டு

ரெண்டாவது படம் ஈரான்லேர்ந்து. 'தி வைட் பலூன்', 1995. ஜாஃபர் பனாஹியோட முதல் முழுநீளப் படம். திரைக்கதை அப்பாஸ் கியாரோஸ்தமி. கான் விழாவுல முதல் பட இயக்குநர்களுக்குக் கொடுக்கற கேமரா தோர் விருது வாங்கின படம்.

ஈரானியப் புத்தாண்டு நவ்ரூஸ் பிறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்ல. படமும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். நம்ம கடிகாரமும் படத்தோட கடிகாரமும் ஒண்ணா ஓடும். ரஸியேன்னு ஒரு ஏழு வயசுக் குட்டி. புத்தாண்டுக்கு வீட்டுல தங்க மீன் வைக்கறது அங்க வழக்கம். வீட்டுத் தொட்டியில மீன் இருக்கு. ஆனா அது ஒல்லியாம். கடையில இருக்கற குண்டு மீன்தான் வேணுமாம். விலை 100 தோமான். அடம் பிடிச்சு, அழுது, அண்ணனை வெச்சு சிபாரிசு பண்ணி, கடைசியில அம்மாகிட்டேர்ந்து காசு வாங்கிடறா. அம்மா கையில இருக்கறது ஒரே ஒரு 500 நோட்டு. மீதி 400-ஐ பத்திரமாத் திருப்பிக் கொண்டு வரணும்.

அந்த நோட்டு தெருவுல இறங்கினதுலேர்ந்து நமக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். முதல்ல பாம்பாட்டிக் கூட்டம். அதைத் தாண்டினா நோட்டு எங்கேயோ விழுந்துடுது. தேடிப் பாத்தா, மூடின கடை ஒண்ணோட வாசல்ல இருக்கற இரும்புக் கிராதிக்குக் கீழே கிடக்கு. கண்ணுக்குத் தெரியுது. கைக்கு எட்டல.

அவ்வளவுதான் பிரச்சினை. வில்லன் கிடையாது, துரத்தல் கிடையாது. ஆனா நோட்டு கீழ கிடக்கற நேரத்துல ஒரு தெருவே நமக்கு அறிமுகமாகுது. காலர் சரியில்லன்னு தையற்காரரோட சண்டை போடற ஆள். லீவுல ஊருக்குப் போகணும், ஆனா கையில காசு இல்லன்னு நிக்கற ஒரு சிப்பாய். பெரியவங்க எல்லாருக்கும் அவங்கவங்க அவசரம். குழந்தைக்கு 500 தோமான்தான் உலகம், மத்தவங்களுக்கு அது 'இரும்மா, அப்புறம் பாக்கலாம்'. வீட்டுல அப்பா குரல் மட்டும் கேக்கும், ஆளைக் காட்டவே மாட்டாங்க. அந்தக் குரலுக்கு வீடே எப்படிப் பயந்து அடங்குதுன்னு கவனிங்க. அந்த நோட்டு தொலைஞ்சா என்ன ஆகும்னு அதுலயே தெரிஞ்சிடும்.

கடைசிப் பகுதியில பலூன் விக்கற ஒரு ஆப்கன் பையன் வருவான். சண்டைக்குப் பயந்து ஈரானுக்கு வந்த ஆப்கன் மக்கள் லட்சக்கணக்குல அங்க வாழறாங்க. ஒண்ணு மட்டும் யோசிச்சு வைங்க. படம் முழுக்க மீனைப் பத்தித்தான். அப்புறம் ஏன் படத்துக்கு 'வெள்ளை பலூன்'னு பேர்? இந்தக் கேள்வியோட பாருங்க. கடைசி பிரேம்ல பதில் நிக்கும். அதுக்கப்புறம் நீங்க அந்த மீனைப் பத்தி யோசிக்கவே மாட்டீங்க.

பனாஹியை 2010-ல ஈரான் அரசு 20 வருஷத்துக்குப் படம் எடுக்கக் கூடாதுன்னு தடை பண்ணுச்சு. மனுஷன் நிறுத்தல. வீட்டுக்குள்ள எடுத்தார், காருக்குள்ள எடுத்தார். 2025-ல கான் விழாவோட பெரிய விருதான தங்கப் பனை அவருக்குக் கிடைச்சுது. அவ்வளவு தூரம் போன பயணம் ஒரு 500 நோட்டுலேர்ந்துதான் தொடங்குது.

3. பைசைக்கிள் தீவ்ஸ்: ஆறு பெட்ஷீட்டும் ஒரு சைக்கிளும்

இதைச் சொன்னதும், 'ஐயோ, பிளாக் அண்ட் வைட்டா'ன்னு சிலர் ஸ்கிப் பண்ணப் பாப்பீங்க. இருங்க. 1948-ல வந்த இத்தாலியப் படம். இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா. இதை லண்டன்ல பாத்துட்டுத்தான் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்தே ஆகணும்னு முடிவு பண்ணினார். அந்தப் பெருமையெல்லாம் ஓரமா வெச்சுட்டு, இதை ஒரு டெலிவரி பார்ட்னர் கதையா நினைச்சுப் பாருங்க.

போர் முடிஞ்ச ரோம். வேலை இல்லாத் திண்டாட்டம். ஆன்டோனியோவுக்குப் போஸ்டர் ஒட்டற வேலை கிடைக்குது. ஒரே ஒரு நிபந்தனை: சொந்த சைக்கிள் வேணும். அவன்கிட்ட சைக்கிள் இருக்கு, ஆனா அடகுல இருக்கு. இன்னைக்கு 'சொந்த பைக் இருந்தா மட்டும் அப்ளை பண்ணவும்'னு போடற விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வேலைக்கு வேண்டிய முதலீட்டைத் தொழிலாளியே கொண்டு வரணும். முதலாளிக்கு அதுல ரிஸ்க் கிடையாது.

அவன் மனைவி மரியா யோசிக்கவே இல்ல. கட்டில் மேல இருக்கற பெட்ஷீட்டை உருவி எடுத்து, துவைச்சு, அடகுக்கடைக்குக் கொண்டு போறாங்க. அந்தக் காசுல சைக்கிளை மீட்குறாங்க. இங்க ஒரு ஷாட் இருக்கு. அடகுக்கடை ஊழியர் அந்தப் பெட்ஷீட் மூட்டையைத் தூக்கிட்டு ஒரு அலமாரி மேல ஏறுறார். ஏறுறார், ஏறிக்கிட்டே இருக்கார். கேமராவும் கூடவே மேல போகுது. பாத்தா, கூரை வரைக்கும் மூட்டை மூட்டையா பெட்ஷீட்! ஒரு குடும்பத்தோட கஷ்டம்னு நினைச்சுட்டு இருந்தோம். ஒரே ஷாட்டுல ஊரே விரிப்பு இல்லாத கட்டில்ல தூங்குதுன்னு தெரிஞ்சிடுது. புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படல.

வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகுது. அப்புறம் அப்பாவும் சின்னப் பையன் புரூனோவும் ரோம் முழுக்கத் தேடி அலையறதுதான் படம். போலீஸ்காரர் புகாரை எழுதி வெச்சுட்டு, நீயே தேடிக்கோங்கற மாதிரி பேசுவார்.

நடுவுல ஒரு ஓட்டல் காட்சி. அப்பா, பையனைச் சமாதானப்படுத்த, வசதிக்கு மீறின ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறார். பக்கத்து மேசையில ஒரு பணக்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் சாப்பிடறதை புரூனோ திரும்பித் திரும்பிப் பாக்குறான். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே அப்பா, அந்த வேலை மட்டும் நிலைச்சிருந்தா மாசம் எவ்வளவு வந்திருக்கும்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடறார். சம்பளம், ஓவர்டைம், குடும்பப் படி. பையன் பென்சிலை வெச்சுட்டு எழுதறான். அந்தக் கணக்கு முடியும்போது சாப்பாடு இறங்காது, அவங்களுக்கும் சரி, நமக்கும் சரி.

ஆன்டோனியோவா நடிச்ச லம்பெர்தோ மஜ்ஜொரானி தொழில்முறை நடிகர் இல்ல, நிஜமான தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் பக்கமிருந்து கேரி கிராண்டை ஹீரோவா போட்டா பணம் தர்றோம்னு சொன்னதா ஒரு கதை ரொம்பப் பிரபலம். அவர் நடிச்சிருந்தா, 'இவருக்கு ஒரு சைக்கிள் போனா என்ன'ன்னு நமக்குத் தோணியிருக்கும்.

4. வெண்டி அண்ட் லூசி: சுமார் 500 டாலர்

இப்போ அமெரிக்கா. ஆனா நாம ரீல்ஸ்ல பாக்கற அமெரிக்கா இல்ல. கெல்லி ரைக்கார்ட் இயக்கின 'வெண்டி அண்ட் லூசி', 2008. வெண்டியா நடிச்சது மிஷெல் வில்லியம்ஸ். லூசியா நடிச்சது இயக்குநரோட சொந்த நாய். பேரும் லூசியேதான்.

வெண்டி ஒரு பழைய கார்ல, தன்னோட நாயைக் கூட்டிட்டு அலாஸ்கா போயிட்டு இருக்கா. அங்க மீன் பதப்படுத்தற ஆலையில வேலை கிடைக்கும்னு கேள்விப்பட்டிருக்கா. கையில சுமார் 500 டாலர். ஒரு நோட்டுப் புத்தகத்துல செலவைப் பைசா பைசாவா எழுதி வெச்சுக்கறா. பெட்ரோல், சாப்பாடு, நாய்க்குத் தீனி. எல்லாம் பிளான் பண்ணின மாதிரி நடந்தா அந்தக் காசு போதும்.

ஆனா ஒரேகான் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல கார் ஸ்டார்ட் ஆகல. கணக்குல இல்லாத செலவு. அதனால நாய்த் தீனிக்குக் காசு கொடுக்காம மிச்சம் பிடிக்கலாம்னு கடையில எடுக்கப் போய் மாட்டிக்கறா. பிடிச்சுக் கொடுக்கற இளம் ஊழியன், நாய்க்குச் சோறு போட வக்கில்லாதவங்க நாய் வளர்க்கக் கூடாதுங்கற தொனியில பேசறான். போலீஸ், கைரேகை, அபராதம். இதுக்குள்ள பல மணி நேரம் போயிடுது. திரும்பி வந்து பாத்தா, கடை வாசல்ல கட்டி வெச்சிருந்த லூசியைக் காணோம்.

இந்தப் படம் பாத்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. கையில காசு கம்மியா இருந்தா, ஒவ்வொரு சின்னத் தப்புக்கும் விலை ஏறிடுது. மாசம் லட்ச ரூபாய் வாங்கறவருக்கு கார் நின்னு போனா அது ஒரு எரிச்சல். வெண்டிக்கு அதுவே தூங்கற இடம், ஊர் போற வழி, வேலை எல்லாம் சேர்ந்து போனதுக்குச் சமம். ஒரு செலவு அடுத்த செலவைப் பெத்துப் போடுது. அதை இந்தப் படம் எந்த அழுகை மியூசிக்கும் இல்லாம, ஒரு ரசீதை வரிசையா வாசிச்சுக் காட்டற மாதிரிக் காட்டும்.

பார்க்கிங்ல காவல் இருக்கற வயசான செக்யூரிட்டி ஒருத்தர் வருவார். முதல் நாள் காலையில 'இங்க வண்டியை நிறுத்தக் கூடாது'ன்னு அவளை எழுப்பி விடறதும் அவர்தான். அப்புறம் தன்னோட போனைக் கொடுத்து உதவறதும் அவர்தான். முகவரி இல்லாதவங்களுக்கு வேலை கிடைக்காது, வேலை இல்லாதவங்களுக்கு முகவரி கிடைக்காதுங்கற சுழலைப் பத்தி ரெண்டு பேரும் சர்வசாதாரணமாப் பேசிப்பாங்க. ஒரு கட்டத்துல அவர் யாரும் பாக்காம அவ கையில கொஞ்சம் காசைத் திணிப்பார். கேமரா அந்த நோட்டுகளைக் காட்டும். எவ்வளவு இருக்குன்னு நீங்களே பாருங்க. அது ரொம்பச் சின்னத் தொகை. ஆனா அவர் சம்பளம் என்னவா இருக்கும்னு யோசிச்சா, அது சின்னத் தொகையே இல்ல.

5. டூ டேஸ், ஒன் நைட்: 1000 யூரோ

கடைசிப் படம். இந்த எபிசோடே இதுக்காகத்தான். 'டூ டேஸ், ஒன் நைட்', 2014, பெல்ஜியம். இயக்குநர்கள் ஜான் பியர் தார்தென், லூக் தார்தென். அண்ணன் தம்பி. சாண்ட்ராவா நடிச்ச மரியோன் கோத்தியாருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைச்ச படம்.

சாண்ட்ரா ஒரு சோலார் பேனல் கம்பெனியில தொழிலாளி. டிப்ரஷனுக்காக லீவுல இருந்துட்டு இப்போதான் திரும்பி வரப் போறாங்க. இந்த இடைவெளியில நிர்வாகம் ஒண்ணு கண்டுபிடிச்சிடுது: 17 பேர் பாக்கற வேலையை, கொஞ்சம் ஓவர்டைம் கொடுத்தா 16 பேரே பாத்துடுவாங்க. உடனே மத்த 16 பேர்கிட்டயும் வோட்டெடுப்பு நடத்துது. ஒண்ணு, ஆளுக்கு 1000 யூரோ போனஸ். இல்லன்னா சாண்ட்ராவுக்கு வேலை. ரெண்டும் கிடையாது. பெரும்பாலானவங்க போனஸுக்கு வோட்டுப் போட்டுடறாங்க.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு தோழியோட உதவியால மறு வோட்டுக்கு முதலாளி சம்மதிக்கிறார். திங்கட்கிழமை காலையில ரகசிய வோட்டு. சனி, ஞாயிறு ரெண்டே நாள். சாண்ட்ரா ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டி, 'உங்க 1000 யூரோவை விட்டுக் கொடுத்து என் வேலையைக் காப்பாத்துங்க'ன்னு கேக்கணும். 9 வோட்டு வேணும்.

இதைக் கேட்டதும் நமக்குத் தோணறது, 'அப்போ போனஸ் கேக்கறவங்க எல்லாம் கெட்டவங்க'. அங்கதான் இந்தப் படம் நம்மளை மாட்டி விடுது. ஒவ்வொரு கதவும் திறக்கும்போது உள்ள ஒரு கணக்கு இருக்கு. ஒருத்தங்களுக்கு 1000 யூரோங்கறது ஒரு வருஷத்து கேஸ், கரண்ட் பில். ஒருத்தர் வீட்டுல ஏதோ கட்டட வேலை பாதியில நிக்குது. ஒருத்தர் ஒப்பந்தத் தொழிலாளி, உதவ ஆசை இருந்தாலும் தன் வேலை போயிடுமோன்னு பயம். ஒருத்தர் வீட்டுல இருந்துகிட்டே இல்லன்னு சொல்லச் சொல்றாங்க. ஒருத்தர், தான் போனஸுக்கு வோட்டுப் போட்டதை நினைச்சு சாண்ட்ரா முன்னாடியே உடைஞ்சு அழறார். 'நீங்க தப்பு'ன்னு யாரையும் கை காட்ட முடியல. சாண்ட்ராவும் காட்டல. ஒவ்வொரு வாசல்லயும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிட்டு, பதிலைக் கேட்டுட்டு நகர்றாங்க.

அப்போ தப்பு யார் மேல? வோட்டுப் பெட்டியை வெச்சவங்க மேல. 'போனஸா, சக ஊழியரா'ன்னு கேள்வி கேட்டவங்க அந்தக் கேள்விக்குள்ளேயே இல்ல. அவங்க பாக்கெட்லேர்ந்து எதுவும் போகல. கதவு தட்டறதும், அழறதும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாமப் போறதும் தொழிலாளிங்கதான். இதைப் படம் வசனமாச் சொல்லாது. வாசல் வாசலா ஏறி இறங்கினதும் நமக்கே புரியும்.

லேஆஃப் மெயில் வர்ற காலத்துல வேலை பாக்கறவங்க நாம. பக்கத்து சீட் காலியானதும் அந்த வேலை நம்ம தலையில வந்து விழும். அப்ரைசல்ல ஒரு சின்ன ஹைக்கும் வரும். நம்மகிட்ட யாரும் வோட்டு கேக்கறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால இதைப் பாக்கும்போது 1000 யூரோ சுமார் ஒரு லட்ச ரூபாய்னு வெச்சுக்கங்க. உங்க டீம்ல பதினாறு பேரை யோசிங்க. எத்தனை கதவு திறக்கும்? முக்கியமா, உங்க கதவு?

எப்படிப் பாக்கறது?

முடிக்கறதுக்கு முன்னாடி மூணு சின்ன யோசனை.

ஒண்ணு, நான் சொன்ன வரிசையிலேயே பாருங்க. வாஜ்தா சிரிக்க வைக்கும், அதோட வேகத்துக்குக் கண்ணு பழகிடும். வெண்டியை முதல்ல போட்டா, 'என்னங்க இது, ஒண்ணுமே நடக்கல'ன்னு இருபது நிமிஷத்துல மூடிடுவீங்க. நாலாவதாப் பாத்தா, எவ்வளவு நடக்குதுன்னு தெரியும்.

ரெண்டு, நம்ம பாட்காஸ்ட்டை 1.5 ஸ்பீடுல கேக்கறவங்க இருக்கீங்க, தெரியும். தாராளமாக் கேளுங்க. இந்தப் படங்களை மட்டும் நார்மல் ஸ்பீடுல பாருங்க. கிராதிக்கு மேல ஒரு குழந்தை காத்திருக்கற நேரத்தை நாமளும் காத்திருந்தாத்தான் அந்த 500 தோமானோட கனம் தெரியும். எந்த ஓடிடியில எது இருக்குங்கறது அடிக்கடி மாறும். படத்தோட பேர், இயக்குநர், வருஷம் மூணையும் சேர்த்துத் தேடினா சரியான படம் கிடைச்சிடும்.

மூணு, படத்துல ஒரு தொகை வந்ததும் அதை உடனே ரூபாயா மாத்தாதீங்க. உழைப்பா மாத்துங்க. 800 ரியால்னா எத்தனை பிரேஸ்லெட்? அந்தச் சைக்கிள்னா எத்தனை ராத்திரி வெறுங்கட்டில்? 1000 யூரோன்னா எத்தனை மாசக் கரண்ட் பில்? எக்ஸ்சேஞ்ச் ரேட் தினமும் மாறும். இந்தக் கணக்கு 1948 ரோமுக்கும், 2014 பெல்ஜியத்துக்கும், நம்ம ஷேரிங் ரூம் வாடகைக்கும் பொருந்தும்.

இதுல ஒண்ணையாவது பிரெண்ட்ஸோட சேர்ந்து பாருங்க. குறிப்பா அஞ்சாவது. முடிஞ்சதும் யாராவது ஒருத்தர், 'சரி, நீ இருந்தா எதுக்கு வோட்டுப் போட்டிருப்ப?'ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லணும்னா, வாடகை எவ்வளவு, லோன் எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்பறோம்னு சொல்லித்தான் ஆகணும். நம்ம கேங்ல பல வருஷமாப் பேசாத பேச்சு அன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கும். அடுத்த தடவை யாராவது 'மூடு இல்ல'ன்னு சொன்னா, அதைக் கொஞ்சம் வேற மாதிரிக் கேப்பீங்க.

பாத்துட்டு எழுதுங்க. எந்தப் படம் பிடிச்சுதுங்கறதோட, நீங்க எதுக்கு வோட்டுப் போட்டீங்கங்கறதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம். வரட்டா!